லாப்ளாஸ் டேபிள் மனப்பாடம், ஆனா சர்க்யூட் புரியல

"அண்ணா, ட்ரிபிள் ஈ செகண்ட் இயர். லாப்ளாஸ் டேபிள் முழுசா மனப்பாடமா தெரியும், ஆனா சர்க்யூட் தியரி கிளாஸ்ல ஒண்ணும் ஏறல, மேத்ஸ எங்கருந்து திரும்பப் படிக்கணும்?"னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, புக்க முதல் பக்கத்துலருந்து பிரிக்காதீங்க. ஒரே ஒரு சர்க்யூட் போதும். 30 ஓம் ரெசிஸ்டர், சீரிஸ்ல 0.127 ஹென்றி காயில், வீட்டு சப்ளை 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்.

ஒமேகா (2 பை × 50) 314, அதனால காயிலோட ரியாக்டன்ஸ், அதாவது ஏசிக்கு அது காட்டுற தடை, ஒமேகா × எல் = 40 ஓம். இப்ப 30ம் 40ம் 70னு கூட்டுனா தப்பு, ஏன்னா காயில்ல வோல்டேஜ் கரண்ட்டுக்கு 90 டிகிரி முன்னாடி ஓடுது, அந்த 90 டிகிரி திருப்பத்துக்குத்தான் ஜெ-னு பேரு, "கற்பனை எண்"னு சொல்லி சும்மா பயமுறுத்தி வச்சிருக்காங்க. (மேத்ஸ் சார் ஐ-னு எழுதுவார், நம்மகிட்ட ஐ கரண்டுக்குப் போயிடுச்சு.) 30 + ஜெ40, அளவு (30, 40 ரெண்டோட ஸ்கொயரையும் கூட்டி ரூட் எடுத்தா) 50 ஓம், கரண்ட் 4.6 ஆம்பியர், பவர் ஃபேக்டர் (30-ஐ 50-ஆல வகுத்தது) 0.6. ஸ்டெயின்மெட்ஸ்ங்கற எலக்ட்ரிகல் இன்ஜினியர் 1893ல சிகாகோ மாநாட்டுல விளக்குன வழி இதுதான்.

ஆனா ஸ்விட்ச் போட்ட உடனே இந்தக் கணக்கு சரியா வராது. அங்க டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்தான். எல்-ஐ (காயிலோட 0.127 ஹென்றி) ஆரால (30 ஓம்) வகுத்தா டைம் கான்ஸ்டன்ட் சுமார் 4.2 மில்லிசெகண்ட், அதுல அஞ்சு மடங்கு 21, அதாவது ஏறக்குறைய ஒரு சைக்கிள்ல ஆரம்பக் குளறுபடி அடங்கிடும், அப்புறம்தான் மேல போட்ட கணக்கு செல்லும்.

லாப்ளாஸ் இந்த ஆரம்பக் குளறுபடி, அப்புறம் வர்ற நிலையான கணக்கு ரெண்டையும் ஒண்ணா பிடிக்குது. டெரிவேட்டிவ் வர்ற இடத்துல எஸ்-ஆல பெருக்குறோம், இம்பிடன்ஸ் (சர்க்யூட்டோட மொத்தத் தடை) ஆர் + எஸ்எல் ஆயிடுது. எஸ்-க்கு ஜெ314 போடுங்க, அதே 30 + ஜெ40 திரும்ப வரும்! அந்த இம்பிடன்ஸ் ஜீரோ ஆகுற எஸ் எது? மைனஸ் 236, அதுதான் அடங்குற வேகம். இத ஒரு தடவை கையால போட்டுப் பாத்துட்டா டேபிள் தானா நிக்கும். காயில்ல முன்னாடியே கரண்ட் இருந்தா இனிஷியல் கண்டிஷன விட்றாதீங்க.

ஃபூரியர் (ஒரு அலைய பல சைன் அலையா பிரிக்கறது) அப்புறம் பாத்துக்கலாம், 50-ஓட மூணு மடங்கான 150 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்குக்கு அதே காயில் 120 ஓம் காட்டும்ங்கறது தெரிஞ்சா இப்போதைக்குப் போதும். பார்ஷியல் ஃப்ராக்ஷன (பெரிய பின்னத்த சின்னச் சின்னதா பிரிக்கறத) மட்டும் தினமும் ரெண்டு போடுங்க, நான் பேப்பர் திருத்துனவரை லாப்ளாஸ்ல மார்க் போறதே அங்கதான்.

இன்னொண்ணு, கால்குலேட்டர் மோட். சைன்(314டி + 30 டிகிரி)ல 314டி ரேடியன். டி 5 மில்லிசெகண்ட்னா அது 90 டிகிரி, விடை 0.87 வரணும். ரேடியன்ல இருக்குற அந்த 1.57ஐ அப்படியே 30 கூட கூட்டி டிகிரி மோட்ல போட்டீங்கன்னா 0.52தான் வரும்.