ஃபோர்ட் கொச்சி சுற்ற 200 ரூபாய் ஆட்டோ: ஏறலாமா?

கேள்வி: நாங்கள் கோவை. அடுத்த மாதம் ஒரு வெள்ளி, சனி குடும்பத்தோடு கொச்சி போகிறோம், எர்ணாகுளத்தில் தங்கல். மாமியாருக்கு 68 வயது, மூட்டுவலி. பையனுக்கு 9 வயது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி இரண்டையும் 200 ரூபாய்க்குச் சுற்றிக் காட்டுவதாக ஓர் ஆட்டோக்காரர் சொல்லியிருக்கிறார். ஹோட்டலில் 2,500 ரூபாய்க்கு கார் தருகிறார்கள். எதில் போவது? எதையெல்லாம் தவறவிடக் கூடாது?

பதில்: 200 ரூபாய் ஆட்டோ வேண்டாம், 2,500 ரூபாய் காரும் வேண்டாம். அதற்கு முன்னால் உங்கள் தேதியைப் பார்ப்போம். வண்டியை விட அதுதான் உங்களுக்குப் பெரிய சிக்கல்.

மட்டாஞ்சேரியில் பார்த்தே தீர வேண்டியவை இரண்டு: டச்சு அரண்மனை, பரதேசி (அதாவது வெளிதேசத்திலிருந்து வந்த) யூதர்களின் ஜெபாலயம். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜெபாலயத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை, வெள்ளியும் மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டு நாளும் அதே இரண்டு நாள்! சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொல்லியல் துறையின் கையில் இருக்கும் அரண்மனை அதற்கு முந்தைய நாளே மூட வேண்டுமா? சரி, மூடட்டும். படகு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் கண்ணில் படும்படி ஒரு போர்டாவது வைக்கலாமே. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கிறேன். கேட்க ஆளில்லை.

முடிந்தால் பயணத்தை ஞாயிறு, திங்களுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் வெள்ளி காலை 10 மணிக்கே ஜெபாலயம், சனி காலை அரண்மனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனாலும் உங்களுக்கு இரண்டு நடை.

இனி அந்த ஆட்டோ. கேரளத்தில் 2022-இல் வந்த கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அரை நாள் காத்திருந்து சுற்றிக் காட்டிவிட்டு 200 ரூபாய் வாங்கினால் ஓட்டுநருக்குக் கட்டுப்படியாகுமா? ஆகாது. மீதியைக் கடைக்காரர் கொடுக்கிறார். சுற்றுலாப் பயணிகளை உள்ளே கூட்டிவந்தாலே ஓட்டுநருக்குப் பணமோ பெட்ரோல் கூப்பனோ உண்டு. நீங்கள் வாங்கினால் அதற்குத் தனிக் கமிஷன். அந்தக் கமிஷன் நீங்கள் கொடுக்கும் விலைக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

அதனால்தான் "பத்து நிமிஷம், சும்மா பார்த்துட்டு வாங்க" என்று ஆரம்பிப்பார்கள். முதலில் கைவினைப் பொருள் கடை, அடுத்து ஷால் கடை, அப்புறம் வாசனைப் பொருள் கடை. மூன்றாவது கடையில் நீங்கள் முகம் சுளிக்கும்போது மணி ஒன்றாகியிருக்கும், ஜெபாலயத்தில் மதிய இடைவேளை விட்டிருப்பார்கள். ஓட்டுநர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சுற்றிக் காட்ட எவ்வளவு என்று ஒரு நியாயமான கட்டணத்தை எழுதிப் படகுத்துறையில் ஒட்டிவிட்டால் இந்த வியாபாரம் பாதி படுத்துவிடும்.

அந்தக் கடைகளில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று ஏலக்காய். இடுக்கி ஏலக்காய் ஏலம் போவது புத்தடியிலும் நம் போடிநாயக்கனூரிலும்தான். கோவையில் கிடைக்காத சரக்கு ஒன்றும் அங்கே கண்ணாடி ஜாடியில் இல்லை. இன்னொன்று "நூறு வருஷப் பழசு" என்று நீட்டும் மரப்பொம்மையும் பித்தளை விளக்கும். புதுச் சாமானுக்கு அழுக்கேற்றிப் பழசாக்குவது அங்கே கைவந்த கலை. உண்மையிலேயே நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் என்றால் அது 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கடைக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

ஆகவே எர்ணாகுளத்திலிருந்து தண்ணீர் வழியாகவே போங்கள். ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகில் 40 ரூபாய். அரசுப் படகு இன்னும் மலிவு. ஆனால் உங்கள் மாமியாருக்கு மெட்ரோதான் சரி. மிதக்கும் மேடையும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும், காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டியதில்லை. இறங்கியபின் சீனவலை என்னும் கரையோர மீன்வலைகள், பிரான்சிஸ் தேவாலயம், சாண்டா குரூஸ் பேராலயம் மூன்றும் நடக்கிற தூரம். மட்டாஞ்சேரிக்கு மட்டும் மீட்டர் ஆட்டோ, இரண்டரை கிலோமீட்டர் வரும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது உங்கள் வீட்டுக்கே பொருந்தும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். நடக்க முடியாதவர் கூட வந்தால், நாள் முழுவதும் ஓர் ஆட்டோவைக் கையில் வைத்துக்கொள்வது தப்பில்லை. ஆனால் பேச வேண்டியது "எல்லா இடத்துக்கும் எவ்வளவு" என்று அல்ல, "ஒரு மணிக்கு எவ்வளவு" என்று. மொத்தமாகப் பேசினால் சீக்கிரம் முடிப்பதும் கடையில் நிறுத்துவதும் அவருக்கு லாபம். மணிக்கணக்கு என்றால் உங்கள் மாமியார் தேவாலயத்து பெஞ்சில் அரை மணி உட்கார்ந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஏறுவதற்கு முன்பே "கடை ஒன்றுகூட வேண்டாம், அந்தக் கமிஷனுக்கும் சேர்த்தே தருகிறோம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே ஒத்துக்கொள்வார்கள். 200 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டு, கடையில் நிறுத்தாதே என்று சண்டை போடுவதுதான் அநியாயம். அரண்மனையில் படியேற வேண்டும். மாமியாரால் முடியாதென்றால் அவரை ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

அரண்மனையில் பொருட்காட்சிப் பெட்டிகளைத் தாண்டி நேராக அரசரின் படுக்கையறைக்குப் போங்கள். போர்த்துகீசியர் கட்டி, டச்சுக்காரர்கள் 1663-க்குப் பிறகு புதுப்பித்த கட்டடம் அது. சுவரில் முழு இராமாயணமும் தீட்டியிருக்கிறது. காவியும் பச்சையுமாக உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும். தசரதனின் யாகத்திலிருந்து கதையைத் தொடர்ந்துகொண்டே போகலாம். பையனுக்குக் கதை தெரியும் அல்லவா, அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. மேலே தொங்கும் சரவிளக்குகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், நீங்கள் தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. வெறுங்காலோடுதான் உள்ளே விடுவார்கள். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள்.

கோட்டை எங்கே என்று தேடி அலையாதீர்கள். போர்த்துகீசியர் 1503-இல் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள், பேர் மட்டும் மிச்சம். பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடத்தைக் காட்டுவார்கள். 1524-இல் கொச்சியில் இறந்தவர், பின்னால் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஞாயிறு காலையில் ஆராதனை நடக்கும், அதற்குப் பிறகு போங்கள்.

சீனவலையைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒருவர் நடு மரத்தின் மேல் நடந்து போனாலே போதும், அவர் எடைக்கே வலை தண்ணீரில் இறங்கும். தூக்குவதற்கு நாலைந்து பேர் கயிற்றை இழுப்பார்கள், பின்னால் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வரும். மீன்வரத்துக் குறைந்துபோனதால் பயணிகளைக் கயிறு இழுக்கக் கூப்பிடுகிறார்கள். இழுத்தால் பணம் கேட்பார்கள், தொகையை முன்பே பேசிக்கொண்டு கொடுங்கள், அவர்கள் பிழைப்பு அது. மழைக்காலம் முடிந்ததும் காயலிலிருந்து ஆகாயத்தாமரை மிதந்துவந்து வலை முழுக்க அடைத்துக்கொள்கிறது. வருஷா வருஷம் நடப்பதுதான், வருஷா வருஷம் அரசு புதிதாகப் பார்ப்பது போலப் பார்க்கிறது. பக்கத்தில் ஐஸில் அடுக்கியிருக்கும் மீனெல்லாம் அந்த வலையில் விழுந்தது என்று நம்பிவிடாதீர்கள். வாங்கினால் கிலோ விலை, சமையல்கூலி இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, கண்முன்னால் எடைபோட வையுங்கள்.

கதகளி பார்ப்பதென்றால் நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே டிக்கெட் எடுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் முகத்தில் வண்ணம் பூசுவதைப் பார்க்கலாம், பையனுக்கு ஆட்டத்தை விட அதுவே பிடிக்கும்.

ஆட்டோக்காரர்கள் பட்டியலில் கடைசியாக வரும் இடம் வெளி மைதானத்தருகே உள்ள தோபிகானா. டச்சுச் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் நழுவாது. தமிழிலேயே பேசலாம். இஸ்திரி போட இரண்டு சட்டை கையோடு கொண்டுபோங்கள், வேடிக்கை பார்க்க வந்தவராக நிற்பதை விட அது மரியாதை.

திரும்பும்போது ஐந்து மணிக்கே படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். சூரியன் மறைவதைப் பார்த்த கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மெட்ரோ வரிசைக்கு வரும், மூட்டுவலியோடு அவ்வளவு நேரம் நிற்க முடியாது.