ஆறு திரும்பும் ஊர்

அன்புள்ள ஐயா,

தென்கொரியாவில் சுவோன் நகரில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். அக்டோபரில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். தலைநகர் சோலின் அரண்மனைகளை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், ஆற்றங்கரை ஏதாவது காட்டு என்கிறார் அப்பா. கையில் இரண்டு நாள்தான். நக்தோங் ஆற்றின் தலையிலிருந்து பூசான் வரை பதினொரு இடங்கள் குறித்து வைத்திருக்கிறேன். சரிவருமா?

ம.

அன்புள்ள ம.,

எட்டு இடங்களை அடித்துவிடுங்கள். நக்தோங் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆறு, தென்கொரியாவிலேயே நீளமானது. இரண்டு நாளில் அதைத் துரத்தினால் கார் ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். ஆற்றங்கரை நகரமான ஆந்தோங்கில் தங்குங்கள். சோலின் செங்னியாங்னி நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

முதல் நாள் காலை ஹாஹ்வே. ஆறு சுற்றித் திரும்புகிறது என்பதே பெயரின் பொருள். ரியூ குலத்தார் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர், 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஓட்டு வீடுகளையும் வைக்கோல் கூரைகளையும் நடந்து பார்த்த பிறகு, எதிர்க்கரையில் நிற்கும் புயோங்தே பாறைக்குப் போங்கள். 64 மீட்டர் உயரம். காரில் சுற்றிவந்து பின்பக்கமாக ஏறினால் பெற்றோருக்குச் சிரமமிருக்காது. ஊரை ஆறு வளைத்துப் பிடித்திருப்பது அங்கிருந்துதான் கண்ணில் படும்.

பாறையடியில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. 1592இல் ஜப்பான் படையெடுத்தபோது நாட்டை நடத்திய அமைச்சர் ரியூ சொங்ரியோங், பதவி போய் ஊர் திரும்பியபின், அந்தப் போரில் அரசு எங்கெல்லாம் தவறியது என்று எழுதிவைத்தார். ‘ஜிங்பிரோக்’ என்ற அந்த நூலை எழுதிய இடம் இது.

பிற்பகலை முழுதாக ப்யோங்சான் சொவோனுக்குக் கொடுங்கள். சொவோன் என்றால் கன்பூசிய அறிஞர்கள் நடத்திய கல்விச்சாலை. 1572இல் இதை இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தவரும் அதே ரியூதான். முன்னால் மந்தேரு என்ற நீண்ட மண்டபம். சுவரே இல்லை, தூண்களும் கூரையும் மட்டும். பாடம் நடக்கும் கூடத்தின் மரத்தளத்தில் உட்கார்ந்தால், தூண்களுக்கு நடுவே ஆறும் எதிர்மலையும் துண்டு துண்டாகத் தெரியும். ப்யோங்சான் என்றாலே திரைமடிப்பு மலை. மந்தேரு என்ற பெயர் சீனக் கவிஞர் தூஃபுவின் வரியிலிருந்து வந்தது: பச்சை மலையை மாலையில் எதிரமர்ந்து காண்பது. கட்டியவர்கள் ஆற்றை மறைக்க மனமில்லாமல் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், போதவில்லை.

ஹாஹ்வே முகமூடி ஆட்டம் நடக்கும் நாள் பார்த்துப் போக முடிந்தால் விடாதீர்கள். இமே என்ற முகமூடிக்குத் தாடை இருக்காது. செதுக்கியவன் முடிக்குமுன் இறந்துவிட்டான் என்று ஊரில் கதை சொல்வார்கள். சாப்பாட்டுக்கு உப்புக் கானாங்கெளுத்தி. கடல் தூரம், வண்டியில் வரும் மீன் கெடாமலிருக்க உப்பிட்ட பழக்கம் ருசியாக நின்றுவிட்டது.

இரவில் வொல்யோங்க்யோ பாலம். 387 மீட்டர், மரத்தில் நடைபாதை. 1998இல் ஆந்தோங்கில் வீட்டுமனைகளுக்காகக் கல்லறைகளை மாற்றும்போது, 1586இல் இறந்த ஒருவரின் சவப்பெட்டியில் மனைவியின் கடிதம் கிடைத்தது. கூடவே, தன் கூந்தலைச் சணலோடு பின்னிய செருப்பு. அந்தச் செருப்பை நினைத்துத்தான் பாலத்தை வடிவமைத்தார்கள். கடிதம் ‘வோனின் அப்பாவுக்கு’ என்று தொடங்குகிறது. நம் பாட்டிமார் தாத்தாக்களைக் கூப்பிட்டதும் இப்படித்தானே. தலை நரைக்கும்வரை வாழ்ந்து ஒன்றாகச் சாவோம் என்றீர்களே, எப்படி முன்னால் போனீர்கள் என்று கேட்கிறார். வயிற்றில் ஒரு பிள்ளை. கனவிலாவது வந்து பேசுங்கள் என்கிறார். தாளில் இடம் தீர்ந்ததும் ஓரங்களில் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார்.

உங்களுக்குக் கொரிய மொழி தெரியும். இணையத்தில் அந்தக் கடிதத்தின் இன்றைய கொரிய வடிவம் கிடைக்கிறது. பாலத்தின் நடு மண்டபத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள்.

அன்புடன்.