ஒரே வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு மூன்று முறை பதிவாவதை எப்படித் தடுப்பது? செல்பேசி எண்ணைக் கட்டாயமாக்கினால் போதாதா?

போதாது. பட்டவன் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப்போல் கடை வைத்திருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறைப் பக்கம் எங்களுக்கு பம்புசெட் விற்பனையும் பழுதுபார்ப்பும். அப்பா காலத்தில் பேரேடு, நான் வந்த பிறகு கணினி.

ஒரு பெரியவர் எரிந்துபோன நீர்மூழ்கி மோட்டாரைக் கொண்டுவந்தார். எங்களிடமே வாங்கியது, எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கடைப் பையன் திரையில் தேடினான், விற்ற விவரம் இல்லை. காயில், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், புதிதாகக் கட்ட 4,200 ரூபாய் வாங்கிவிட்டோம். நாற்றங்கால் காய்ந்துகொண்டிருந்ததால் அவரும் பேசாமல் கொடுத்தார். தீபாவளிக்கு முன்பு வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து எங்கள் ரசீதை எடுத்து மேசையில் விரித்தார். ஓராண்டு உத்தரவாதம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. “தம்பி, உங்கள் அப்பா பேரேட்டில் நான் ஓர் ஆளாகத்தான் இருந்தேன்” என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தேடினால் அவர் மூன்று ஆளாக இருந்தார். பேரேட்டிலிருந்து ஏற்றியதில் தஞ்சாவூர் மாவட்டம், அடுத்ததில் நாகப்பட்டினம், 2020க்குப் பிறகு பதிந்ததில் மயிலாடுதுறை. மனிதர் வீடு மாறவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு முறை மாறியது. போதாக்குறைக்குப் பெயரை ஆங்கிலத்தில் அடித்திருந்தோம். கலியபெருமாள் என்ற பெயரை ‘ஐ’, ‘ஒய்’ கூட்டிக் குறைத்து எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

உடனே செல்பேசி எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்காதபடி பூட்டினேன். கணினி படித்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், அவர்கள் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே எண். கடைப் பையன் என்ன செய்தான் தெரியுமா? கடைசி இலக்கத்தை மாற்றி அடித்தான், அவசரத்தில் ஒன்பதையே பத்து முறையும் அடித்தான். அவனைத் திட்டிப் பயனில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேச்சு வந்தாலே கடையில் ஆள் நிற்க இடமிருக்காது. திறந்த தண்ணீர் கடைமடைக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாரியதாகப் பலகை வைக்கிறார்கள், பலகைக்குப் பின்னால் ஆகாயத்தாமரை நிற்கிறது. சரி, அது உங்கள் கேள்வியில்லை.

இப்போது பூட்டு இல்லை. எண்ணில் முன்னால் வரும் +91, பூஜ்யம், இடைவெளி எல்லாவற்றையும் மென்பொருளே நீக்கி, கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் வைக்கிறது. பெயர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றும் தமிழில். ஊரை அடிக்கக் கூடாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். தேடாமல் ‘புதியவர்’ பொத்தான் தோன்றாது. தேடினால் ஒத்துப்போகும் நாலைந்து பேரைக் காட்டும், இவரா என்று பையன் வந்தவரிடமே கேட்பான்.

பழைய இரட்டைப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். ரசீதுகளையும் பாக்கியையும் ஒன்றின் கீழ் மாற்றிவிட்டு மற்றதை மூடி வையுங்கள். இதை இயந்திரத்திடம் விடவும் மாட்டேன். ஒரே தெருவில், ஒரே பெயரில், தகப்பனார் பெயரும் ஒன்றாக இரண்டு பங்காளிகள் எனக்கு வாடிக்கை. ஒருவர் பாக்கி வைப்பார், மற்றவர் வைக்கமாட்டார்.