அரங்கேற்றத்துக்கு நான்கு பட்டு உடை வேண்டுமா? – பரதம் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு அடுத்த வருடம் பரதநாட்டிய அரங்கேற்றம். நான்கு புதுப் பட்டு உடை, தெர்மாகோல் மேடை என்று பட்டியல் வந்திருக்கிறது. ஒரே நாளில் எல்லாம் குப்பைக்குப் போகுமே என்று மனசு ஒப்பவில்லை, செலவும் தாங்காது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. இரண்டு உடை தாராளமாகப் போதும், நிகழ்ச்சியின் நடுவில் வரும் நீளமான உருப்படியான வர்ணம் வரை ஒன்று, அதற்கடுத்த அபிநயப் பாட்டான பதத்திலிருந்து கடைசியில் ஆடும் தில்லானா வரை இன்னொன்று. அதிலும் ஒன்றை உங்கள் பழைய பட்டுச் சேலையில் தைத்துவிடலாம். சேலையின் உடல் நைந்திருந்தாலும் கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால் அதை முன்னால் விரியும் விசிறி மடிப்புக்கு வைத்துக்கொண்டு மற்றதற்கு வேறு துணி சேர்க்கலாம். பக்கத் தையலில் 2 அங்குலம் துணி உள்ளே விடச் சொல்லுங்கள், வளர்கிற பெண், பிறகு பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஆடி முடித்ததும் வியர்வையோடு மடித்து வைத்தால் பட்டு இற்றுப்போகும், அதனால் நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள். சலங்கையில் தோல் பட்டை கிழிந்தால் பட்டையை மட்டும் மாற்றி அதே மணிகளைக் கோத்துக்கொள்ளலாம். என் வகுப்பில் தலைசாமான், ஒட்டியாணம் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும், பிள்ளைகள் மாறி மாறிப் போட்டுக்கொள்வார்கள். வர்ணம் வரை வந்த ஒரு பெண், அரங்கேற்றச் செலவுக்குப் பயந்தே வகுப்பை விட்டு நின்றுவிட்டாள். அதற்கப்புறம் வாங்கி வைத்த பெட்டி அது. தெர்மாகோல் வேண்டவே வேண்டாம். தென்னங்குருத்துத் தோரணம், குத்துவிளக்கு, நடராஜர் போதும்.

கேள்வி: மாடியில் பயிற்சி அறை கட்டுகிறோம். ஏசி போடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: அந்தப் பணத்தைத் தரையில் போடுங்கள். கான்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில் தட்டினால் ஒவ்வொரு அடியும் முட்டியில் போய் இறங்கும். சட்டம் அடித்துக் கொஞ்சம் தூக்கிப் பலகை பாவினால் கால் பிழைக்கும். எதிரெதிர்ச் சுவரில் பெரிய சன்னல் வைத்து, காலை 6 மணிக்கே வகுப்பை ஆரம்பித்துவிடுங்கள். சென்னை திருவான்மியூர் கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளியில் மரங்களுக்கு நடுவே குடில்களில்தானே வகுப்பு நடக்கிறது!

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, சக்கர நாற்காலியில்தான் இருக்கிறான். பரதம் என்றால் உயிர். யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: படிக்கும்போதே கோபம் வந்தது அம்மா. 1981-ல் விபத்தில் ஒரு காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மறுபடி மேடை ஏறினார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உங்கள் பையன் நின்று ஆடித்தான் ஆகவேண்டும் என்பதே இல்லை. அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் சொல்லும் ஒற்றைக்கை முத்திரை 28, தலை அசைவு 9, பார்வை 8, கழுத்து 4. இதில் எதற்குக் கால் வேண்டும்? பதங்களை உட்கார்ந்தபடியே பாடி முகத்தாலும் கையாலும் அபிநயம் பிடிப்பது பழைய வழக்கம்தான். ஜதி என்கிற தாளச் சொற்கட்டைத் தாளம் போட்டுச் சொல்லக் கற்றால், ஆடுகிறவர்களுக்குத் தாளம் தட்டி நடத்தும் நட்டுவாங்கமும் அவனுக்கு வரும். உங்கள் ஊர்ப் பக்கம் அரசு நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள், 5 முதல் 16 வயது வரை சேர்க்கிறார்கள், கட்டணமும் குறைவு. வகுப்பு மாடியில் என்றால் அவனுக்காக வாரம் ஒரு நாளாவது கீழே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.