மார்க் ஷீட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர்

பந்தலூர் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் நீட்டில் தகுதி மதிப்பெண்ணை ஒட்டி நிற்கிறாள். ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று கோவையிலிருந்து சித்தப்பா நெருக்குகிறார். ஆனால் பத்தாம் வகுப்பு சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் மூன்று விதம். "இதனால் பிள்ளையின் டாக்டர் படிப்பு போய்விடுமா சார்?"

போகாது ஐயா, பெயரைச் சரிசெய்துவிடலாம். எனக்குக் கவலை வேறு. கடிதத்தின் கடைசியில், "அவள் என்னவோ நர்ஸிங் போறேங்கிறா" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அது.

ஜார்ஜியா கணக்கைப் பாருங்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஓராண்டு பயிற்சி. இங்கே டாக்டராக வேலை பார்க்கத் திரும்பி வந்து எழுதும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300-க்கு 150 வேண்டும். எழுதுகிறவர்களில் பாதிக்கு மேல் தேறுவதில்லை. தேறினாலும் இங்கே மறுபடி ஓராண்டு பயிற்சி. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாகச் சொத்து கேட்கும். நீங்கள் இருப்பது டேன்டீ வீடு, அடமானம் வைக்கப் பட்டா ஏது? சித்தப்பா தன் வீட்டுப் பத்திரத்தைத் தருவாரா என்று கேளுங்கள். தந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிள்ளை கேட்காத படிப்புக்கு எதற்கு இந்தக் கடன்?

பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருடம். தமிழ்நாட்டில் இதுவரை ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் தருகிறார்கள், நீட் கிடையாது. அரசுக் கல்லூரி கிடைத்தால் செலவு உங்கள் கைக்குள் அடங்கும். முடித்ததும் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பதிவு. அப்புறம் வேலைக்கு, தமிழக அரசு மருத்துவமனைகள் என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்), எய்ம்ஸ் போன்ற இடங்கள் என்றால் நார்செட் தேர்வு. வெளிநாடு என்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களை அனுப்புகிறது. அமெரிக்கா போக நினைத்தால் அங்கே நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வைச் சென்னையிலோ பெங்களூரிலோ எழுதலாம்.

உங்கள் பெயர்ச் சிக்கல் உண்மையில் கடிக்கப்போவது அங்கேதான். என்கிளெக்ஸில் பதிவு செய்த பெயரும் கையில் கொண்டுபோகும் பாஸ்போர்ட் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய 200 டாலர் போனது போனதுதான். அமெரிக்க உரிமத்துக்கு டாக்டர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யிலும் இதே கறார். நடுப்பெயர் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதது போன்ற சிறு வித்தியாசத்தை அதில் விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் சிக்கல் இனிஷியலில் தொடங்குகிறது. மதிப்பெண் சான்றிதழில் வெறும் 'எஸ்'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அந்த 'எஸ்' சுப்பையா என்றால் ஆங்கிலத்தில் ஒரு 'பி'யா, இரண்டா, கடைசியில் 'எச்' உண்டா? 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் கேட்கவே வேண்டாம். தாத்தா காகிதத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, எழுதியவர் கைக்கு வந்தபடி இருக்கும்.

அதனால் முதலில் சரிசெய்ய வேண்டியது உங்கள் ஆதார், மகளுடையது அல்ல. உங்கள் பெயருக்கு ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், ஆகவே இ-சேவை மையத்தில் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மகளின் ஆதாரைப் பத்தாம் வகுப்பு சான்றிதழுக்கு ஏற்ப மாற்றுங்கள். கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில் எல்லாம் அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் எழுதும். தப்பு சான்றிதழிலேயே இருந்தால் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்; இப்போதே தொடங்குங்கள். பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

பி.எஸ்ஸி. நர்ஸிங்கும் சேர்ந்து வரும் பாராமெடிக்கல் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தவறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை மகளே நிரப்பட்டும். சித்தப்பா சண்டைக்கு வந்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.