ஒரே கேள்வியை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்?

கேள்வி: 62 வயதான என் அப்பாவை ‘கேஸ் தொந்தரவு’ என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். வந்த டாக்டர்கள் எல்லாரும் அதே கேள்விகளையே கேட்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க மாட்டார்களா? நாங்கள் எப்படிப் பதில் சொல்ல வேண்டும்?

பதில்: படிப்பார்கள், படித்த பிறகும் கேட்பார்கள். ஹவுஸ் சர்ஜனிடம் (பயிற்சி டாக்டர்) “ரெண்டு நாளா” என்றவர், சீஃப் (தலைமை டாக்டர்) ரவுண்ட்ஸ் வரும்போது “தீபாவளிக்கு முன்னாடியே லேசா இருந்தது” என்பார். இது தினமும் நடப்பதுதான்; அதனால்தான் மறுபடியும் கேட்கிறார்கள்.

நோயாளியின் விவரங்களை எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டில் முதலில் வருவது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக என்பது. அது எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்று அடுத்து எழுதுவார்கள். பழைய நோய்கள், ஆபரேஷன், மருந்துகள், அலர்ஜி, குடும்பத்தில் யாருக்கு என்ன, பழக்கவழக்கம் எல்லாம் தனித்தனித் தலைப்புகள். ‘கே/சி/ஓ’ (K/C/O, ‘known case of’ என்பதன் சுருக்கம்) என்று கண்ணில் பட்டால், ஏற்கெனவே உறுதியான நோய் என்று பொருள். மயக்கம் இல்லை, வாந்தி இல்லை என்று இல்லாததையும் குறிப்பார்கள்.

இந்த விசாரணையைச் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பிரிட்டனில் 1975-ல் வெளியான ஓர் ஆய்வில், 80 புதிய நோயாளிகளில் 66 பேருக்கு, குடும்ப டாக்டரின் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் வைத்தே சரியான நோயைக் கணித்துவிட்டார்கள்.

சரி, பதில் சொல்லும் முறை. ‘கேஸ்’ என்பது நாமே போட்டுக்கொண்ட முடிவு. அதைச் சொல்லாமல், உடம்பில் என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள். நடு நெஞ்சில் அழுத்துகிறதா, மாடி ஏறினால் வந்து உட்கார்ந்தால் விடுகிறதா, இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா? இவற்றுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரின் கவனம் வயிற்றிலிருந்து இதயத்துக்குத் திரும்பிவிடும். நம் ஊரில் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காலம் தாழ்த்தி வருகிறவர்கள் ஏராளம்.

குடிப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம். தினமும் குடிப்பவர் வார்டில் திடீரென நிறுத்தும்போது, ஓரிரு நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். குடும்பத்தார் எதிரில் சொல்லக் கூச்சப்பட்டால், டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள்.

சாப்பிடும் மருந்துகளைக் கேட்டால் லேகியம், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை உட்பட எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே கொண்டுபோங்கள். ‘சின்னதா, வெள்ளையா இருக்கும்’ என்றால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.