யுகுலேலேயில் நம்ம பாட்டு வருமா?

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “பத்து வயது மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு யுகுலேலே, அதாவது சின்ன கிட்டார் மாதிரி நாலு கம்பி வாத்தியம், வந்தது. நாலு கார்ட் (சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பழகிக்கொண்டு ஆங்கிலப் பாட்டு வாசிக்கிறாள். கர்நாடகப் பாட்டு வகுப்புக்கும் போகிறாள். ‘அது விளையாட்டுச் சாமான், விற்றுவிட்டு கிட்டார் வாங்கிக் கொடு’ என்கிறார் அண்ணன். தம்பி கானா பாடுவான். நம்ம பாட்டெல்லாம் இதில் வருமா?”

வரும் அம்மா. விற்க வேண்டாம். பாட்டு படிக்கிற பிள்ளைக்கு அது ரொம்பப் பொருத்தமான வாத்தியம். ஏன் என்று இன்று மாலையே நீங்கள் காதாலேயே கேட்டுவிடலாம்.

மகள் இடது கையை எடுத்துவிட்டு நான்கு கம்பிகளையும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மீட்டட்டும். வழக்கமான சுருதியில் அவை ஜி, சி, இ, ஏ. இப்போது சி-யை ஸட்ஜமாக வைத்துக் கேளுங்கள்: ப, ஸ, க, த. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு விரலே வைக்காமல் வந்துவிட்டன! பாக்கி ரிஷபம்தான். அது கீழிருந்து எண்ணினால் மூன்றாம் கம்பியில் இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த பட்டை). மேல் ஸட்ஜத்துக்கு முதல் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட். ஆரோகணம் (ஏறுவரிசை) முழுக்க விரல் படுவது இந்த இரண்டே இடத்தில்.

வாசிக்கும்போது கம்பி வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள்: மூன்று, மூன்று, இரண்டு, நான்கு, ஒன்று, ஒன்று. பஞ்சமத்துக்கு மட்டும் மேலே நான்காம் கம்பிக்குத் தாவ வேண்டும். கிட்டாரில் மேல் கம்பிதான் தடித்தது, கீழ் ஸ்தாயி. யுகுலேலேயின் நான்காம் கம்பியோ சன்னமானது, பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் விட உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. அதனால் அடுத்தடுத்த ஸ்வரங்கள் வேறு வேறு கம்பிகளில் விழுந்து, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கலைஞர் ஜான் கிங் இதை வைத்துத்தான் ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசையை இந்தச் சின்ன வாத்தியத்தில் வாசித்துக் காட்டினார். நம் மோகனத்துக்கும் அதே அழகு வருகிறது.

இதோடு முடியவில்லை. அதே ஐந்து ஸ்வரங்களில் ஸட்ஜத்தை மட்டும் மாற்றினால் வேறு ராகம். டி-யை ஸட்ஜமாக்கினால் மத்யமாவதி, இ என்றால் ஹிந்தோளம், ஜி என்றால் சுத்த சாவேரி, ஏ என்றால் சுத்த தன்யாசி. கிரகபேதம் என்று பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுக்கிற விஷயம், பத்து வயதுப் பிள்ளையின் மடியில் கம்பியாகவே இருக்கிறது. இதனால்தான் விற்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வராததையும் சொல்லிவிடுகிறேன். யுகுலேலேயின் நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். நைலான் கம்பியை இழுத்தால் சுருதி அதிகம் ஏறாது. எனவே தோடி மாதிரி கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதில்) உயிர் வைத்திருக்கும் ராகங்களை இதில் எதிர்பார்க்கக் கூடாது. விரலைத் தேய்த்து எடுக்கும் ஜாரு ஓரளவு வரும். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சாதித்தாரே என்று கேட்பீர்கள். அவர் கையில் இருந்தது மின் மாண்டலின். இரட்டைக் கம்பிகளை எடுத்துவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளாக மாற்றிக்கொண்டார். ஆம்ப்ளிஃபயரும் துணைக்கு இருந்தது.

கமகம் தேவைப்படாத நம் உருப்படிகளும் உண்டு, அதுவும் உங்கள் பக்கத்திலிருந்தே. முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தபோது, கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசித்ததைக் கேட்டிருக்கிறார்கள். அந்த மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள், அதாவது சி மேஜர். டீச்சரிடம் கேட்டு இரண்டு கற்றுக்கொண்டால், மகளே மெட்டையும் வாசித்து அடியில் கார்டும் போடலாம்.

அப்புறம் கானா. தம்பிக்கு இதில் மெட்டை விடத் தாளம்தான் உதவும். வலது கை விரல்கள் கம்பிகளைக் கீழ்நோக்கி வருடும் அதே நொடியில், உள்ளங்கை ஓரம் கம்பிகள் மேல் படிந்து நாதத்தை அடக்கட்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் மிஞ்சும். ஆறு எண்ணிக்கைக் குத்து நடையில் ஒன்றில் திறந்த வருடல், நான்கில் இந்த ‘டக்’, நடுவில் லேசான வருடல்கள். ஏ மைனருக்கு நான்காம் கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டில் ஒரே விரல் போதும். அதை வைத்துக்கொண்டு நடை பிசகாமல் ஒரு பாட்டு முழுக்க வரட்டும், மற்ற கார்டுகள் பிறகு. தம்பியின் குரல் வேறு சுருதியில் இருந்தால் கேபோ (கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஏற்றிக்கொள்ளலாம்.

அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள்: கிட்டாருக்கு மாறினாலும் இந்தப் பழக்கம் வீணாகாது. கிட்டாரின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேபோ போட்டால் கீழ் நான்கு கம்பிகளும் ஜி, சி, இ, ஏ-தான், ஜி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. கார்டுக்கு விரல் வைக்கும் வடிவம் அதேதான். ஆனால் பத்து வயது விரலுக்கு நைலான் கம்பி வலிக்காது. அது பெரிய வசதி.

கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்காது, சுருதி சேர்க்கும் சாவிகளின் பல்சக்கரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்துப் பையில் வைத்துவிடுங்கள். புதுக் கம்பி சில நாள் இளகிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் டியூனர் ஆப்பில் சுருதி சேர்க்கட்டும். கிட்டாரின் ஸ்டீல் கம்பியை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள், பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். சினிமாப் பாட்டில் ஸட்ஜத்துக்குக் கீழே இறங்கும் இடங்களை வாசிக்க முடியவில்லை என்று மகள் ஒருநாள் குறைபடுவாள். அப்போது கடையில் ‘லோ ஜி’ என்று கேட்டு நான்காம் கம்பியை மட்டும் மாற்றினால் மந்தர பஞ்சமம் வரை போகலாம். ஆனால் மேலே சொன்ன மோகன வரிசை அதில் அப்படியே வராது. எனவே அந்த மாற்றம் அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்.